உறி மரத்துக் கிண்ணம்

நளினி தன் கையால் கடைந்த மரக் கிண்ணத்தைப் படம் பிடித்து வியாழக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறும் விடிந்துவிட்டது. இன்னும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சாதாரணக் குழுவா அது? யாராவது தோசை சுட்டுப் படம் போட்டால்கூடக் கைதட்டுகிற சனம். ‘நம்ம பாலசமுத்திரம் உறி மரத்துல நானே கடைஞ்சது. ஹரிப்ரியா வளைகாப்புக்கு அட்சதைக் கிண்ணம்’ என்று நளினி ஆசை ஆசையாக எழுதிப் போட்டதற்கு, சித்தூரிலிருந்து மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. ஹரிப்ரியா கர்ப்பமானதிலிருந்து போனையே தொடுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் கணவரின் அண்ணன் முனிரத்தினம் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தக் குழப்பத்தோடுதான் அவள் கிண்ணத்தைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு, தான் மரம் கடையப் போகும் சலீமின் ஷெட்டுக்குக் கிளம்பினாள். மத்தியானம் கணவர் முரளிதரனோடு காரில் சித்தூர் போக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. புடவை, வளையலோடு கிண்ணத்தையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கை தேன்மெழுகு பூசிவிடலாம் என்று நினைத்தாள்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நளினி வாலாஜாப்பேட்டைப் பெண். கல்யாணமாகி அம்பத்தூரிலேயே காலம் ஓடிவிட்டது. முரளிதரனுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்ததும் திருப்பதிக்குக் குடி வந்தார்கள். அவர் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். மகள் கல்யாணமாகிச் சித்தூர் போய்விட்டாள். வீட்டுச் சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடைந்த பூரிக்கட்டைக்குக் கைப்பிடி போட ஆள் தேடிப் போனவள், கரகம்பாடி ரோட்டில் ஒரு தகர ஷெட்டுக்குள் மூன்று பேர் ஒரு கடைசல் எந்திரத்தைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு அவர்கள் நாலு பேராகிவிட்டார்கள்.

சலீம் வங்கியில் குமாஸ்தா. யசோதா எல்லை ஊரான நகரிக்காரி, தமிழும் தெலுங்கும் தெரிந்தவள், மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நாகையா சரக்கு ரயில் ஓட்டுகிறவர், தெலுங்குக்காரர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம், அவ்வளவுதான்.

நளினி முதன்முதலாக உளியைப் பிடித்த அன்று, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்திவிட்டாள். கட்டை எந்திரத்தைப் பிய்த்துக்கொண்டு பறந்து தகரச் சுவரில் மோதி ஒரு பள்ளம் விழுந்தது. இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அவள் நினைத்தபோது, சலீம் அந்தச் சுவரில் ஏற்கெனவே இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது என்னோடது, இது யசோதாவோடது, அதோ அந்தப் பெரிசு நாகையாகாருவோடது. “உங்களுக்கு இப்பத்தான் எடம் கெடச்சிருக்குது” என்றார். அன்றைக்கு நளினி அழாமல் வீடு போய்ச் சேர்ந்தது அந்த ஒரு வார்த்தையால்தான். யசோதா தன் குழி உளியை அவளுக்கே விட்டுக்கொடுத்தாள். நாகையா அதற்குச் சாணை பிடித்துக் கொடுத்தார். கப் ஒன்று, மெழுகுவத்தித் தண்டு ஒன்று, கோணல் மாணலாக ஒரு பம்பரம் என்று கை கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது.

அப்புறம்தான் அந்த மாங்கட்டை வந்தது.

பாலசமுத்திரம் முரளிதரனின் சொந்த ஊர், ஆந்திர எல்லையில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற ஊர். கோவில் பொங்கலுக்குப் போயிருந்தபோது, கிணற்று மேட்டில் இருந்த பெரிய மாமரத்தை முனிரத்தினம் வெட்டச் சொல்லியிருந்தார். செங்கல் சூளைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இது எந்த மரம், என்ன விசேஷம் என்று நளினி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் மரம் வெட்டுகிறவனிடம் கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தி, “அதி உரி செட்டம்மா” என்றான்.

செட்டு என்றால் மரம். அது அவளுக்குத் தெரியும். உறியும் தெரியும். வாலாஜாவில் கோகுலாஷ்டமிக்கு உறியடிக்காத தெரு உண்டா? மரத்தில் பானையைக் கட்டித் தொங்கவிட்டு, மேலே இழுத்து இழுத்து விளையாட்டுக் காட்டுவார்கள். அந்த மரமா இது என்று அவள் மனசு குளிர்ந்துபோய் ஒரு துண்டு கேட்டாள். அவன் தயங்கினான். பின்னாலிருந்து வந்த முரளிதரன் தானே குனிந்து கட்டையைத் தூக்கிக் கார் டிக்கியில் வைத்தார்.

பச்சை மரம். எந்திரத்தில் சுற்றும்போது ஈரம் அவள் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்தது. பச்சை மரம் அப்படித்தான் என்று யசோதா சொன்னாள். ஆனாலும் அது கன்னத்தில் பட்டபோதெல்லாம் யாரோ அழுத கண்ணைத் துடைத்துக் கையை உதறியது போலவே நளினிக்கு இருந்தது. பாதியில் உளி நெருப்புப் பொறி பறக்க எதிலோ மோதியது. மரம் தனக்குள் ஒரு இரும்புக் கொக்கியை விழுங்கி வைத்திருந்தது. சலீம் அதை நோண்டி எடுத்தார். கொக்கி போன இடத்தில் துருவும் மரச்சாறும் சேர்ந்து கன்னங்கரேலென்று ஒரு கறை. எவ்வளவு உப்புத்தாள் போட்டும் போகவில்லை. கிண்ணத்தின் உள்பக்கம் ஒரு கண் மாதிரி அது தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு கிண்ணம் பேச ஆரம்பித்தது. பகலில் அவள் தனியாக இருக்கிற நேரம் பார்த்து, ஷோகேஸிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். சொடக்கு எடுக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஈரம் போகும்போது மரம் இழுக்கும், அதனால்தான் சத்தம் என்று சலீம் விளக்கினார். வட்டமாகக் கடைந்த விளிம்புகூட மெல்ல மெல்ல முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. நளினி நம்பினாள். நம்பினாலும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

அதிசயம் என்னவென்றால், முரளிதரனுக்கு அந்தக் கிண்ணம் பிடித்துப்போயிற்று. “மரத்தூள் மகராணி” என்று பெண்டாட்டியைக் கேலி செய்துகொண்டிருந்த மனுஷன், வேலையிலிருந்து வந்ததும் கிண்ணத்தைக் கையில் எடுப்பார். கட்டைவிரலால் அந்தக் கறையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “நல்லா வந்துகீது” என்றுகூட ஒரு நாள் சொன்னார். அவள் வைக்கிற வத்தக்குழம்புக்கே கிடைக்காத பட்டம் அது. நளினிக்குத் தலைகால் புரியவில்லை.

இனி இன்றைய ஞாயிறு.

நாகையா பல வாரமாக டூட்டியில் மாட்டிக்கொண்டு இன்றுதான் வந்திருந்தார். முடிந்த கிண்ணத்தை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடிவம் முட்டையானாலும் விளிம்பின் கனம் ஒரே சீராக வந்திருக்கிறது, அடி கனமும் சரி என்று மெச்சினார். எந்த மரம் என்று கேட்டார். சலீமிடமும் யசோதாவிடமும் தமிழில் ‘உறி மரம்’ என்று சொல்லியிருந்த நளினி, நாகையாவிடம் தன் தெலுங்கைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள்.

“உரி செட்டு” என்றாள்.

நாகையாவின் கை நின்றுவிட்டது. கிண்ணத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார். வைத்த கையைத் தன்னை அறியாமல் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நளினி, கோகுலாஷ்டமி, பானை, வழுக்கி விழும் பையன்கள் என்று சிரித்துக்கொண்டே விவரிக்க ஆரம்பித்தாள். அவர் யசோதாவைப் பார்த்தார். யசோதாவின் முகம் மாறிவிட்டிருந்தது.

“அக்கா, அந்த வார்த்தைய உங்களுக்கு யார் சொன்னது? தமிழ்ல சொன்னாங்களா, தெலுங்குலயா?”

மரம் வெட்டினவன், தெலுங்கில்தான் சொன்னான் என்றாள் நளினி.

யசோதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெலுங்குல உரின்னா நம்ம உறி இல்லக்கா. தூக்கு. யாரோ தூக்கு மாட்டிக்கின மரம் அது.”

எந்திரம் ஓடவில்லை. மேஜைமேல் கிண்ணம் ‘டிக்’ என்றது. எப்போதும் உடனே விளக்கம் சொல்லுகிற சலீம் இந்தத் தடவை மேஜையை விட்டு ஓர் அடி தள்ளிப் போனார்.

ஒவ்வொன்றாக நளினியின் புத்திக்கு உறைத்தது. அந்த ஆள் ஏன் குரலைத் தாழ்த்தினான்? நல்ல மரத்தை ஏன் பலகைக்கு அறுக்காமல் சூளைக்கு அனுப்பினார்கள்? குழுவில் ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? தமிழில் தான் எழுதிய ‘உறி’யை அந்தத் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற வீடு எப்படிப் படித்திருக்கும்? எல்லாம் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே, மகள் வளைகாப்புக்கு இதை வைக்கிறாள் என்றுதானே முனிரத்தினம் நினைத்திருப்பார்?

பாலசமுத்திரம் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட ஒரு சின்னப் படம் உண்டு. முரளிதரனின் தங்கை வள்ளி. நளினி அந்த வீட்டுக்கு மருமகளாகப் போவதற்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனவள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாதது துக்கத்தினால் என்று நளினி இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சலீம் உள்ளே போய், காய்ந்த பலாக்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தனக்கென்று வெகுநாளாகப் பத்திரப்படுத்தியிருந்த கட்டை அது. நாலு பேரும் கை போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கிண்ணம் தயார் என்றார். நாகையா லீவு போட்டுவிடுவதாகச் சொன்னார். சொல்லும்போதே, தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்ற சங்கடம் அவர் முகத்தில் தெரிந்தது. பழசை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள் யசோதா. நளினி பலாக்கட்டைக்குச் சரி சொன்னாள். மாங்கிண்ணத்தை விட்டுப்போக மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் கூடவே வந்த யசோதா, வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஆனால் வண்டி ஓட்டும்போது மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். நல்ல யோசனைதான். நளினி சந்திரகிரி தாண்டும் வரைக்கும் கடைப்பிடித்தாள்.

பின் சீட்டில் புடவைப் பெட்டி, வளையல் பெட்டி, பழக்கூடை, அவற்றுக்கு நடுவில் கிண்ணம். ஏ.சி. காற்று பட்டோ என்னவோ, அடிக்கடி ‘டிக்’ என்றது. முரளிதரன் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். மூன்றாவது ஆள் ஒருத்தி வண்டியில் இருப்பது போலவும், அவளை வைத்துக்கொண்டு பேச முடியாதது போலவும் நளினிக்கு இருந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் தாங்கவில்லை.

“வள்ளி காமாலைல சாவல, இல்லையா?”

முரளிதரன் உடனே வண்டியை நிறுத்தவில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஒன்றின் மதில் ஓரமாக வந்ததும் பிரேக் போட்டு ஒதுக்கினார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமலே பேசினார். அந்த வருஷப் பொங்கலுக்கு முந்தின வாரம் கிணற்று மேட்டு மரத்தில் அவள் தொங்கியது, முனிரத்தினம்தான் தோளில் தாங்கி இறக்கியது, போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்று பெரிய தலைகள் பேசி அன்று சாயங்காலமே எரித்தது, காமாலை என்று ஒரே வாயாக எல்லாரும் சொல்ல ஒத்துக்கொண்டது, எல்லாம் சொன்னார். மனப்பாடம் பண்ணிவைத்த பாடத்தை ஒப்பிப்பது போலத்தான் சொன்னார். கொக்கிக்கு வந்தபோது மட்டும் பாடம் தவறியது.

“அந்தக் கொக்கி நான் அடிச்சது நளினி. சின்னதா இருக்கசொல்லோ ஊஞ்சல் கட்டித் தரச் சொல்லி அழுதா. ஏணி போட்டு நாந்தான் அடிச்சேன்.”

“தெரிஞ்சேதான் கட்டையத் தூக்கி டிக்கில வெச்சீங்க.”

“சூளைக்குப் போய்க்கினு இருந்திச்சி. ரெண்டாவது தபாவும் அவள எரிக்கறத என்னால பாக்க முடியல.”

நளினி அழுதாள். செத்துப்போன அந்தப் பெண்ணுக்காகத்தான் அழுதாள். ஆனால், பொய் சொல்வானேன், தனக்காகவும் கொஞ்சம் அழுதாள். ‘நல்லா வந்துகீது’ என்று அவர் சொன்னது அவள் கைவேலையை அல்ல. இத்தனை நாள் அவர் தடவித் தடவிப் பார்த்தது பெண்டாட்டி கடைந்த கிண்ணத்தை அல்ல. தகரச் சுவரில் பள்ளம் விழுந்த அன்றிலிருந்து இன்று வரை தான் பட்ட பாட்டை இந்த மனுஷன் ஒரு நாளும் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் வலித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலாக்கட்டை விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு வேறு கிண்ணம் வந்துவிடும், இதை நம் வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

“இல்ல. இதான் வெக்கணும். வர்றவங்க ஒவ்வொருத்தரும் இதுல கை வெச்சுத்தான் அட்சத எடுக்கணும்.”

தங்கை நம்மோடு இருக்கட்டும் என்று ஆசைப்படுகிற அண்ணனின் குரல் இல்லை அது. என்ன குரல் என்று நளினிக்குப் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். வயிற்றுப் பிள்ளைக்காரி காதில் துர்மரணப் பேச்சே விழக் கூடாது என்று அந்த வீட்டில் சொல்வார்கள். பேச்சை மறைத்துவிட்டு, அந்த மரத்தை மட்டும் கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பதா? எல்லாரும் அதிலிருந்து அள்ளி அவள் தலையில் போடுவதா? தெரியாமல் தான் ஏமாந்தது போதும், மகளும் ஏமாற வேண்டாம் என்று தோன்றியது.

“ப்ரியாகிட்ட சொல்லாம இது சபைக்கு வராது. இதக் கடைஞ்சவ நானு” என்றாள்.

முரளிதரன் வண்டியைக் கிளப்பினார். சித்தூர் போய்ச் சேரும் வரைக்கும் பின் சீட்டுக் கிண்ணம் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அதுதான் நளினிக்கு இன்னும் பயமாக இருந்தது.

மகள் வீட்டு வாசலில் முனிரத்தினத்தின் டயர் செருப்பு கிடந்தது.

பாலசமுத்திரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். மாப்பிள்ளை சாமியானாக்காரனைப் பார்க்க வெளியே போயிருந்தார். “வந்ததுல இருந்து பெரிநைனா ஒண்ணும் துன்னலம்மா. கிண்ணம் எப்ப வரும், கிண்ணம் எப்ப வரும்னே கேட்டுக்கினு கீறாரு” என்று பெரியப்பாவைப் பற்றி ஹரிப்ரியா கதவுப் பக்கமே வந்து கிசுகிசுத்தாள். தாயின் கையிலிருந்த துண்டுப் பொட்டலத்தைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. பிடுங்காத குறையாக வாங்கி, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா செய்ததா இது, அம்மாவே செய்ததா என்று அவள் பூரித்துப்போனாள். எத்தனை ஞாயிறு இந்த முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நளினி உளி பிடித்தாள்.

முனிரத்தினம் எழுந்து நின்றார். ஊரில் நாலு பேர் தீர்ப்புக் கேட்க வருகிற மனிதர், தம்பி பெண்டாட்டி முன்னால் கையைக் கூப்பாத குறையாக நின்றார்.

“அம்மாடி நளினி, தெரியாம செஞ்சியோ, தெரிஞ்சே செஞ்சியோ, நான் ஒண்ணும் கேக்கல. அத என்கிட்ட குடுத்துடும்மா. ஆத்துல உட்டுட்டுப் போயிடறேன்.”

ஹரிப்ரியா புரியாமல் மாறி மாறிப் பார்த்தாள்.

நளினி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்ததுமே முனிரத்தினம், வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி முன்னால் வேண்டாம் என்று பதறிக் கையை ஆட்டினார். அவள் நிறுத்தவில்லை. தான் கேட்ட தெலுங்கு வார்த்தையைச் சொன்னாள். தன் தமிழ்க் காது அதை எப்படி வாங்கிக்கொண்டது என்று சொன்னாள். மாலை போட்ட படத்தில் இருக்கிற அத்தைக்குக் காமாலை வரவே இல்லை என்பதையும் சொன்னாள். மறைக்காமல், ஆனால் மெதுவாக, சூடான பாலை ஆற்றிக் கொடுப்பது போலச் சொன்னாள்.

கிண்ணத்தைத் தடவிக்கொண்டிருந்த ஹரிப்ரியாவின் விரல் கறையில் வந்து நின்றது. மிரண்டுபோய்த் தட்டிவிடுவாள் என்று நளினி பயந்தாள். அவள் தட்டிவிடவில்லை. இன்னொரு கையும் வந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது.

“அத்த ஏன் பெரிநைனா அப்பிடிப் பண்ணிக்கினாங்க?”

முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் பிள்ளைகளை ஒரு நாளும் ஓங்கிய கையால் தொடாத மனிதர் அவர். ஊரில் அதை ஒரு பெருமையாகப் பேசுவார்கள். அதற்குக் காரணம் என்னவென்று இன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து வந்தது.

“புத்தூர் காலேஜில சேத்து உடுன்னு அழுதா. பொட்டப் புள்ளைக்கு இன்னா படிப்புன்னு நான் கை நீட்டிட்டேன். மறுநாளு போயிட்டா. நாந்தாண்டி கண்ணு சாவடிச்சேன் அவள.”

இத்தனை வருஷமும் அது அவரைத் தின்றுகொண்டேதான் இருந்திருக்கிறது என்பது கேட்ட எவருக்கும் புரியும். நளினிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஹரிப்ரியா அழுதுகொண்டே, இது இங்கேயே இருக்கட்டும் பெரிநைனா, அத்தையும் என் வளைகாப்புக்கு வரட்டும் என்றாள். இவ்வளவுதானா, இதைச் சொல்லவா இத்தனை வருஷம் பயந்தார்கள் என்று நளினிக்கு மூச்சு வந்தது.

பழக்கூடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றிருந்த முரளிதரன் அப்போதுதான் பேசினார்.

“படிப்புக்காக இல்லண்ணா.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“ப்ரியாவுக்கு வெள்ளிக்கிழம போடப்போறமே வளையலு. அது அவளுக்கும் போட்டிருக்கணும்.”

முனிரத்தினத்துக்கு முதலில் புரியவில்லை. தம்பியை வெறித்துப் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை மெல்ல இறங்கி ஹரிப்ரியாவின் வயிற்றில் வந்து நின்றது. நாற்காலியின் கையைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். தம்பிக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

வயிற்றில் பிள்ளை என்று வள்ளியே சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள் என்றார் முரளிதரன். சொல்லும்போது அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, மகள் மடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அது இருக்கிற இடத்தில்தான் தங்கை இருக்கிறாள் என்பது போல.

“யாருடா?” என்றார் முனிரத்தினம்.

“வெள்ளிக்கிழம வருவான். எல்லாரையும் போல அவனும் இதுல கை வெச்சு அட்சத எடுப்பான். நீதாண்ணா அவன் வீடு தேடிப் போய் வெத்தல பாக்கு வெச்சு அழைச்சிட்டு வந்த.”

காரில் கேட்டது பழி தீர்க்கக் காத்திருக்கிற குரல் என்று நளினிக்கு இப்போது விளங்கியது. மகளின் கையைப் பிடிக்கப் போனாள். ஹரிப்ரியா இரண்டு கையையும் கிண்ணத்தை விட்டு எடுக்கவில்லை.

முனிரத்தினத்தின் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. வெற்றிலைத் தட்டோடு ஏறி இறங்கிய வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பாலசமுத்திரம் முடிந்து, சொந்தக்காரர்கள் இருக்கிற குடிபாலாவுக்குப் போயிருப்பார். ஏதோ ஒரு வீட்டு வாசலில் அந்த உதடு அசைவது நின்றுவிட்டது.

“அவனா?” என்றார்.

முரளிதரன் பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.